பி. ஓர் மணிக்கூட்டைச் செய்தது யார்?

கிளிநொச்சியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மம்மாவின் தகரப்பெட்டிக்குள் ஒரு பொக்கற் மணிக்கூடு இருந்ததாம். வெள்ளை முகப்பு, ரோமன் எண்கள், நடுவில் ஆங்கிலத்தில் “பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்” என்ற பெயர். ஓடவில்லை. அந்தக் கொம்பனியே செய்த மணிக்கூடா, வன்னிக்கு எப்படி வந்திருக்கும், விற்றால் ஏதாவது கிடைக்குமா என்பது கேள்வி.

நேரே பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அதைச் செய்யவில்லை, விற்றார். முகப்பில் இருப்பது கடையின் பெயர். ஆனால் “அப்ப இது ஒறிஜினல் இல்லையா” என்று உடனே மனம் சோர வேண்டாம். அந்தக் காலத்தில் நல்ல மணிக்கூடுகளில் பல அப்படித்தான் விற்கப்பட்டன.

எங்கள் அப்பா வவுனியாவில் மணிக்கூடு திருத்தியவர். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கண்ணாடிப்பெட்டி, ஒரு மேசைவிளக்கு, ஒரு முக்காலி, அவ்வளவுதான் கடை. நான் அந்தக் கண்ணாடிப்பெட்டிக்குப் பின்னால் இருந்து வளர்ந்தவன். இரண்டு ஓர் மணிக்கூடுகளை மெசின் கழற்றியே பார்த்திருக்கிறேன். ஒன்று ஆங்கில மெசின், மற்றது சுவிஸ். இரண்டிலும் முகப்பில் ஒரே பெயர், உள்ளே சம்பந்தமே இல்லாத இரண்டு தொழில்கள்.

சரி, யார் இந்த ஓர்? (தமிழில் எழுதும்போது “ஓர்” என்று வந்து நிற்பது சிரிப்பாகத்தான் இருக்கிறது. சென்னைக்காரரைக் கேட்டால் “பி.ஆர். அண்ட் சன்ஸ்” என்பார்கள்.) பீட்டர் ஓர் என்பவர் பிரித்தானியாவில் இருந்து மெட்ராசுக்கு வந்த மணிக்கூட்டுத் தொழிலாளி. 1840களின் பின்பாதியில் சொந்தப் பெயரில் வியாபாரம் தொடங்கினார். மகன்மாரும் சேர்ந்த பிறகு பெயரோடு “அண்ட் சன்ஸ்” ஒட்டிக்கொண்டது. மவுண்ட் ரோட்டில் அவர்கள் எழுப்பிய கட்டடம் 1870களைச் சேர்ந்தது. வரைந்தவர் ரொபேர்ட் சிஷோம். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் செனற் மண்டபத்தைக் கட்டியவரும் அவர்தான். மேலே மணிக்கூட்டுக் கோபுரம் வைத்த கட்டடம். தெருவால் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துத் தங்கள் மணிக்கூட்டைச் சரிபார்த்துக்கொண்டு போகலாம். இதைவிட நல்ல விளம்பரம் ஒரு மணிக்கூட்டுக் கடைக்கு உண்டா?

பர்மாவிலும் கிளை திறந்தார்கள். அதனால் சில பொருட்களில் “மெட்ராஸ்” என்று மட்டும் இருக்கும், சிலவற்றில் “மெட்ராஸ் அண்ட் ரங்கூன்” என்று இருக்கும். உங்களுடையதில் ரங்கூன் இல்லை என்று நினைக்கிறேன். ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எனாமல் முகப்பில் கீழ்வரி தேய்ந்து போவது உண்டு. நில அளவைக் கருவிகள்கூட அந்தப் பெயரில் விற்றிருக்கிறார்கள்.

உள்ளே இருக்கும் மெசினின் கதை வேறு. சுவிற்சர்லாந்தின் ஜூரா மலைப்பக்கத்தில் பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாத குடும்பங்கள் ஆளுக்கொரு உதிரிப்பாகம் செய்து கொடுப்பார்கள். ஒரு வீட்டில் பல்சக்கரம், இன்னொரு வீட்டில் முள். பிறகு ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கோர்ப்பார். பின்னாளில்தான் பெரிய தொழிற்சாலைகள் வந்தன. இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடு: லங்காஷயரின் பிரெஸ்கொற் என்ற ஊரில் கரடுமுரடான மெசின் பிறக்கும், கொவென்றியிலோ லண்டன் கிளார்க்கன்வெல்லிலோ அதற்கு முடிப்பு வேலை நடக்கும். கடைசியில் பெயர் போடாத முகப்போடு கிடக்கும் மெசினுக்கு, வாங்குகிற வியாபாரி தன் பெயரை எழுதச் சொல்வார். லிவர்பூல் வியாபாரி லிவர்பூல் பெயர் போட்டார், மெட்ராஸ் வியாபாரி மெட்ராஸ் பெயர் போட்டார். செய்தவனின் பெயர் வாங்குகிறவனுக்குத் தெரியாது, தெரிந்தும் பயனில்லை. இந்தப் பொருள் நின்றுவிட்டால் யாரிடம் போய்ச் சண்டை பிடிக்கலாம் என்பதைத்தான் முகப்பு சொல்கிறது. நான் அதைப் பிணைக் கையெழுத்து என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் இந்த வழியில் போகவில்லை. ஃபாவ்ர் லூபா என்ற சுவிஸ்காரர் 1865இல் பம்பாய்க்கே வந்து சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கினார்கள். எங்கள் கடைக்கு வந்த பழைய கைமணிக்கூடுகளில் வெஸ்ட் எண்ட் சோவார் ப்ரைமாவும் உண்டு. அதுவும் இந்தியாவுக்கென்றே பெயர் வைத்து விற்ற சுவிஸ் சரக்குத்தான்.

ஓர் கடையில் நகையும் விற்றார்கள். மணிக்கூட்டுக் கடையில் நகை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் இந்த மூன்று தொழிலும் ஒரே பெயர்ப்பலகையில் இருந்தவை: மணிக்கூடு, நகை, வெள்ளிச்சாமான். கூடு பொன்னிலோ வெள்ளியிலோ இருக்கும், உள்ளே தேய்மானம் குறைக்கக் கல் வைத்திருக்கும். “15 கல்லு மணிக்கூடு” என்று அப்பா சொன்னது விலைக்காக வைத்த கல்லை அல்ல. சக்கரத்தின் அச்சு சுழலும் இடத்தில் பதித்த சிறு கல். 1902இல் செயற்கைச் சிவப்புக் கல் செய்யும் முறை வெளிவந்தது. அதற்கு முன் அவை இயற்கைக் கற்கள். அப்படியே வாங்குகிற ஆளும் ஒருவர்தான். மணிக்கூடு வாங்க வந்த துரை, துரைசாணிக்கு ஒரு மாலையும் பார்ப்பார். இலங்கைப் பக்கத்தில் 1860இல் காலியில் தொடங்கிய மாக்கான் மாக்கார், கல் வியாபாரத்தில் இதே வகைப் பெயர் எடுத்தவர்கள். நம் மன்னார்க் கடலில் 1905இல் ஒரே பருவத்தில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். மறிச்சுக்கட்டியில் ஓலைக்கொட்டிலால் ஒரு நகரமே எழும்பி இரண்டு மாதத்தில் இல்லாமல் போனது. முத்து நம் கரையில், மாலை வேறெங்கோ.

ஓர் கடையில் உண்மையாகவே அந்த மண்ணில் பிறந்த பொருள் மணிக்கூடு அல்ல, வெள்ளி. “சுவாமி வேலை” என்பார்கள். தேநீர்ச் செட், பூந்தொட்டி, பந்தயக் கிண்ணம் எல்லாவற்றிலும் சுற்றிவரத் தெய்வ உருவங்கள். செய்யும் முறையைச் சொன்னால்தான் விளங்கும். வெள்ளித் தகட்டை அரக்கின் மேல் படுக்க வைப்பார்கள். அரக்கு இளக்கமானது, அடியை வாங்கிக்கொள்ளும். முனை மழுங்கிய சிறு உளிகளால் பின்பக்கம் தட்டத் தட்ட முன்பக்கம் உருவம் புடைத்து வரும். பிறகு சூடுகாட்டி அரக்கை இளக்கித் தகட்டைத் திருப்பி, முன்பக்கம் கண், நகை, ஆடை மடிப்பு எல்லாவற்றையும் கூர் உளியால் எடுப்பார்கள். தட்டத் தட்ட வெள்ளி இறுகிப்போகும். அதனால் இடையிடையே நெருப்பில் காட்டி ஆறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் மூக்கு நுனியில் கிழிந்துவிடும். கோயில் வாகனத்துக்கும் கதவுக்கும் கவசம் அடித்த கைகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. தேநீர்க் கேத்தல் என்ற உருவம்தான் புதிது.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் மெட்ராசுக்கு வந்தார். அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த பரிசுகளில் ஓர் கடைத் தேநீர்ச் செட் ஒன்றும் இருந்தது. அது இன்றும் பிரித்தானிய அரச சேகரிப்பில் இருக்கிறது. படத்தில் பார்த்தேன். வேலை அபாரம். ஆனால் என் கண்ணுக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு விரல் வைக்க வெறும் இடம் விடாமல் உருவம். அது அடித்தவரின் குறையில்லை என்று நினைக்கிறேன், கேட்டவரின் ஆசை. நம் ஆட்கள் சாமியை மூலஸ்தானத்தில் தனியே இருட்டில் வைத்தார்கள், துரைமார் சீனிச் சட்டியைச் சுற்றி வரிசையாக நிறுத்தச் சொன்னார்கள்.

அந்தக் கேத்தலைக் கவிழ்த்தால் அடியில் “ஓர்” என்றுதான் முத்திரை இருக்கும். அடித்த தமிழ்த் தட்டாரின் பெயர் இல்லை. உங்கள் மணிக்கூட்டில் சுவிஸ்காரனுக்கு நடந்ததே இங்கே மெட்ராஸ்காரனுக்கும் நடந்திருக்கிறது. வெள்ளைக்காரக் கொம்பனி என்பதால் மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நம் ஊர் நகைக்கடையில் வாங்கிய அட்டியலிலும் பத்தரின் பெயர் இல்லையே.

இனி வன்னிக்கு வந்த வழி. உங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்து கிளிநொச்சிக்கு வந்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1857இல் தொடங்கிய மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தார்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. அந்தக் காலத்தில் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நம்மவர்களுக்குக் கொழும்பைவிட மெட்ராஸ் கிட்ட. முதலில் பாய்க்கப்பல். பிறகு 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் ஒரே ரிக்கற்றில் மெட்ராஸ் போய்வரலாம் என்றானது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த வழி இருந்தது. முதல் சம்பளத்தில் ஒரு வெள்ளி மணிக்கூடு, கூடவே அம்மாவுக்குச் சேலை என்று வாங்கி வந்தவர்கள் எத்தனை பேர். ரங்கூனில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள்.

அப்புறம் கிளிநொச்சி வயல்களுக்குத் தண்ணீர் தரும் இரணைமடுக் குளம். 1902இல் வேலை தொடங்கி 1920இல் குளம் முடிந்தது. யாழ்ப்பாண ரயில் பாதை 1905இலேயே இந்தக் காட்டை ஊடறுத்து வந்துவிட்டது. 1930களில் கிளிநொச்சியில் காணி கொடுத்துக் குடியேற்றியபோது வந்தவர்கள் மண்வெட்டியோடு பெட்டியையும் கொண்டுவந்தார்கள். வயலுக்குப் போகிறவருக்குப் பொக்கற் மணிக்கூடு எதற்கு? தண்ணீர் முறை. வாய்க்காலில் இத்தனை மணியில் இருந்து இத்தனை மணி வரை உன் வயலுக்கு என்றால் யாரோ ஒருவரின் மணிக்கூட்டை எல்லோரும் நம்ப வேண்டும். ஒரு பெரியவர் தன் மணிக்கூட்டைத் திருத்தக் கொண்டுவந்தபோது அப்பாவிடம் சொன்னார்: “தம்பி, இது பத்து நிமிசம் பிந்தினா நான் கள்ளனாயிடுவன்.”

நேரம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மணிக்கூடு 1906க்கு முந்தியது என்றால் அது வாங்கிய அன்று காட்டியது இன்றைய நேரத்தை அல்ல, மெட்ராஸ் நேரத்தை. மெட்ராஸ் வானாய்வகத்தில் கணித்து, 1870 முதல் இந்திய ரயில்களெல்லாம் பின்பற்றிய நேரம் அது. கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. கொழும்பு நேரம் 5 மணி 19 நிமிடம் சொச்சம். இரண்டுக்கும் இடையில் இரண்டு நிமிடம்கூட முழுதாக இல்லை. அதனால் மெட்ராசில் சரிபார்த்த மணிக்கூட்டைத் தொடாமல் கொண்டுவந்தாலும் ரயில் தவறியிருக்காது. 1906இல் இரண்டு நாடும் ஐந்தரைக்கு வந்தன. 1942இல் யுத்தத்துக்காக இலங்கை ஆறுக்கும் பிறகு ஆறரைக்கும் போய், 1945இல் திரும்பியது.

1996இல் நடந்தது எங்கள் வயதுக்காரருக்கு மறக்காது. மின்வெட்டைச் சமாளிக்க மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் திருப்பினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அதை ஏற்கவில்லை. 2006 ஏப்ரலில் அரசாங்கம் பழையபடி ஐந்தரைக்கு வரும் வரை, ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் பழைய நேரம், இந்தப் பக்கம் புது நேரம். 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் அங்கிருந்து வந்தவர்கள் எங்கள் கடைக்கும் வந்தார்கள். பற்றறி மாற்றி முள்ளைத் திருப்பும் முன் அப்பா கட்டாயம் கேட்பார்: “பழைய நேரமோ, புது நேரமோ?” சிலர் யோசிப்பார்கள். பின்னேரமே திரும்பிப் போகிறவர் “பழைய நேரம்” என்பார். கலியாணத்துக்கு வந்து நாலு நாள் நிற்கிறவர் “புதுசை வையுங்கோ, போகேக்க நான் மாத்துறன்” என்பார்.

உங்களுடைய மணிக்கூட்டின் வயதை அறிய இப்படிச் செய்யுங்கள். பின்மூடியின் ஓரத்தில் நகம் வைக்கும் சிறு பள்ளம் இருக்கும். அங்கே நகத்தால் மெல்ல நெம்புங்கள். கத்தி வேண்டாம், வழுக்கினால் கூட்டில் கீறல் விழும். திறந்ததும் உள்பக்கத்தில் முத்திரைகளைத் தேடுங்கள். நடந்து போகும் சிங்கம் இருந்தால் ஆங்கில வெள்ளி. கூடவே நங்கூரம் என்றால் பேர்மிங்காமில் சோதித்தது, வாளும் மூன்று கோதுமைக் கட்டும் என்றால் செஸ்ரர். 0.935 என்ற எண்ணும் மூன்று கரடியும் என்றால் சுவிஸ், இங்கிலாந்துச் சந்தைக்காகச் செய்தது. 0.800 என்றும் ஒரு காட்டுக்கோழியும் இருந்தால் அதுவும் சுவிஸ்தான், வெள்ளி கொஞ்சம் குறைவு. இந்தச் சுவிஸ் முத்திரைகள் 1880களுக்கு முன் இல்லை. மெசினுக்கு மேல் இன்னொரு மூடி இருந்து அதில் சதுரச் சாவி போடும் துளை இருந்தால் பழையது. மேலே தலையைத் திருகிச் சாவி கொடுப்பது என்றால் அதற்குப் பிந்தியது.

முத்திரையைப் பார்த்ததோடு மூடிவிடாதீர்கள். அதே இடத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மயிர்க்கோடு போலக் கீறல்கள் தெரியும். கைதவறி விழுந்த கீறல் இல்லை, எழுத்து. திருத்தியவர்கள் ஒவ்வொருவரும் ஊசிமுனையால் ஒரு குறி போட்டு வைப்பது வழக்கம். மணிக்கூடு திரும்ப வந்தால் “இதை நான்தான் திறந்தேன், இன்ன மாதம் எண்ணெய் விட்டேன்” என்று தெரிய வேண்டுமே. எங்கள் அப்பா “வ” என்று எழுதி மாதமும் ஆண்டும் போடுவார். நான் சொன்ன சுவிஸ் ஓரில் ஐந்து குறிகள் இருந்தன. இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்று தமிழில் “சி”, ஒன்று வெறும் எண். அந்த எண் திருத்தியவருடையது அல்ல, அடகுக்கடையின் இலக்கம் என்றார் அப்பா. விதைநெல்லுக்கோ பிள்ளையின் பரீட்சைக் காசுக்கோ வைத்து மீட்டிருப்பார்கள். ஐந்தாவது அப்பாவின் “வ”. அந்த மணிக்கூட்டில் பெயர் போட்டவர் ஒருவர், செய்தவர்கள் வேறு, ஓடவைத்தவர்கள் இவர்கள். கடைசிக் கூட்டத்துக்குத்தான் கையெழுத்துப் போட ஒரு மூலை கிடைத்தது, அதுவும் மூடிக்கு உள்ளே.

விலையைப் பற்றி. வெள்ளிக்கூட்டு ஓர் மணிக்கூடு அபூர்வம் இல்லை, நிறைய விற்றிருக்கிறார்கள். காணி வாங்கும் காசு வராது. தங்கக் கூடு என்றால் வேறு, சுவாமி வேலை வெள்ளி என்றால் வேறு கதை. ஆனால் நகைக்கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அங்கே மெசினைக் குறட்டால் பிடுங்கி ஒரு பக்கம் போட்டுவிட்டு, கூட்டைத் தராசில் வைத்து வெள்ளிக்குக் காசு கொடுத்தார்கள். மூன்று நாள் பேருந்துச் செலவுக்குக்கூடக் காணாத காசு. மெசினைக் கேட்டு வாங்கி வந்து அப்பாவிடம் காட்டினார். பலன்ஸ் என்ற ஆடும் சக்கரத்தின் அச்சு முறிந்திருந்தது.

மெட்ராஸ் கடைக்கே எழுதிக் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கடை இப்போதும் மணிக்கூடு விற்கிறது. 2011இல் மெட்ரோ ரயில் வேலைக்காகப் பழைய கட்டடத்தின் பின்பகுதியில் ஒரு பாகத்தை இடித்து, விஷயம் உயர்நீதிமன்றம் வரை போனது. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. நான் என்றால் முதலில் மெசினில் இருக்கும் இலக்கத்தையும் கூட்டில் இருக்கும் இலக்கத்தையும் தனித்தனியே எழுதி வைப்பேன், இரண்டும் வேறாக இருக்கலாம்.

ஓடவைக்க ஆசைப்பட்டால் ஒரு வேண்டுகோள். சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள், ஆட்டிப் பார்க்காதீர்கள், தேங்காய் எண்ணெயோ தையல் மெசின் எண்ணெயோ விடாதீர்கள். பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகி இருக்கும், வில்லின் பலம் ஏறினால் தேய்வது அச்சுத்தான். முழுவதும் கழற்றி, கழுவி, அச்சு நுனியில் குண்டூசித் தலையை விடச் சின்னத் துளி எண்ணெய் வைக்கிற ஆள் வேண்டும். அப்படி ஆட்கள் வவுனியாவில் இப்போது குறைவு, யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். கொண்டுபோகும்போது பஞ்சில் சுற்ற வேண்டாம், நூல் உள்ளே போகும். பழைய பருத்தித் துணி போதும். உள்மூடியைப் படம் எடுத்து அனுப்பினால் முத்திரையைப் பார்த்து ஆண்டைச் சொல்கிறேன். சாய்ந்த வெளிச்சத்தில் எடுங்கள், கீறலும் தெரிய வேண்டும்.